பெண்கள் செக்‌ஷனிலிருந்து வந்த ஜீன்ஸ்

2011-இல் லீவைஸ் கம்பெனி ஆண்களுக்கென்று ஒரு ஜீன்ஸ் கொண்டுவந்தது. இடுப்பிலிருந்து கணுக்கால் வரை உடம்போடு ஒட்டிப் பிடிக்கும் ரகம். அதற்கு வைத்த பெயர்தான் வேடிக்கை: ‘எக்ஸ்-கேர்ள்ஃபிரெண்ட் ஜீன்’. பழைய காதலியின் ஜீன்ஸ்! அவள் போட்டிருந்தது உனக்கும் பிடித்திருந்தது அல்லவா, இதோ உன் அளவில் தைத்துத் தந்துவிட்டோம் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். கேலிக்குப் பஞ்சமே இல்லை. ஆண்பிள்ளைகள் இந்த நிலைமைக்கா வந்துவிட்டார்கள் என்று அங்கலாய்த்தவர்களும் உண்டு.

ஆனால் கம்பெனி பொய் சொல்லவில்லை. அதற்குப் பதினைந்து வருஷம் முன்பிருந்தே அமெரிக்கப் பையன்களில் ஒரு கூட்டம் பெண்கள் செக்‌ஷனில் புகுந்து ஜீன்ஸ் வாங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் அலமாரியைத் திறந்து எடுத்தவர்கள் உண்டு. காதலியிடம் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர்கள் உண்டு. நடந்துகொண்டிருந்த விஷயத்துக்கு ஒரு பெயரும் விலைச்சீட்டும் மாட்டியதுதான் 2011-இல் நடந்த ஒரே மாற்றம்.

பெண்கள் உடையை ஆண்கள் எடுத்துப் போட்டுக்கொள்வது பற்றிப் பேச்சு வந்தால், எல்லோரும் நினைவுகூர்வது கண்ணைப் பறிக்கும் ஆட்களைத்தான். 2020 டிசம்பரில் அமெரிக்க ‘வோக்’ இதழின் அட்டையில் கவுன் போட்டுக்கொண்டு நின்ற பாடகர் ஹாரி ஸ்டைல்ஸ் ஒருவர். 1998 கால்பந்து உலகக் கோப்பைக்குச் சற்று முன்பு பிரான்ஸில் சரோங் கட்டிக்கொண்டு வெளியே வந்த டேவிட் பெக்கம் இன்னொருவர். பிரிட்டிஷ் பத்திரிகைகள் பாவாடை கட்டிவிட்டார் என்று கூச்சலிட்டன. மதுரையிலோ மட்டக்களப்பிலோ அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் அதில் விசேஷமாக எதுவும் தெரிந்திருக்காது. கைலியை ஏன் இப்படி ஒரு பக்கமாகக் கட்டியிருக்கிறார் என்று வேண்டுமானால் கேட்டிருப்பார்கள். இந்த மாதிரி உடைகள் படம் எடுக்கப்பட்ட அன்றோடு முடிந்துவிடுகின்றன. மறுநாள் காலை பால் வாங்கப் போகிறவன் அதைப் போடுவதில்லை. சத்தமில்லாமல் இடம் மாறிய உடைகள்தான் நிலைக்கின்றன. ஒட்டிப் பிடிக்கும் ஜீன்ஸ் அந்த ரகம். அதை ஒட்டிப் பிடிக்க வைக்கும் நூல் எங்கிருந்து புறப்பட்டது என்று பார்த்தால், பெண்களின் உள்ளாடைக் கடையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் ஜீன்ஸே யாருடையது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் தையல்காரராக இருந்த ஜேக்கப் டேவிஸும் சான் ஃபிரான்சிஸ்கோவில் துணி வியாபாரம் செய்த லீவை ஸ்ட்ராஸும் சேர்ந்து, பாக்கெட் மூலையில் செப்பு ரிவெட் அடித்த பேண்ட்டுக்கு 1873 மே 20-ஆம் தேதி காப்புரிமை பெற்றார்கள். சுரங்கக்காரனும் மாட்டுப் பண்ணைக்காரனும் போட்ட உழைப்பாளி உடுப்பு அது. பண்ணைகளில் இருந்த பெண்கள் அண்ணன் தம்பியுடையதை, புருஷனுடையதை எடுத்து மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டார்கள். 1934-இல்தான் ‘லேடி லீவைஸ்’ என்று பெண்களுக்கே தனியாக ஒன்று வந்தது. ஆக முதல் இரவல் வாங்கியது பெண்கள். அதில் ஒரு சின்ன சலுகையும் அவர்களுக்குக் கிடைத்தது. ஆண்களின் ஜீன்ஸ் துவைத்தால் சுருங்கும். வாங்கியவன் பெரிய அளவாக வாங்கி, தண்ணீர்த் தொட்டியில் போட்டபடியே உட்கார்ந்து உடம்புக்கு ஏற்பச் சுருங்க வைத்துக்கொள்ள வேண்டும். பெண்களுடையதோ முன்கூட்டியே சுருக்கிவிட்ட துணியில் வந்தது. ஆண்பிள்ளை கஷ்டப்படட்டும், பெண்பிள்ளைக்குச் சௌகரியம் வேண்டும் என்ற கணக்கு அப்போதே தொடங்கிவிட்டது. இந்தக் கதை முழுக்க அந்தக் கணக்குதான் ஓடுகிறது.

அடுத்த கட்டம் வெர்ஜீனியா மாநிலத்தில், வேனெஸ்பரோ என்ற ஊரில், டூபாண்ட் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில். அங்கே ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் ரப்பருக்கு மாற்றாக ஒரு நூலைத் தேடிக்கொண்டிருந்தார். எதற்காக? கர்டிலுக்காக. வயிற்றையும் இடுப்பையும் இறுக்கிப் பிடித்து உள்ளே தள்ளும் உள்ளாடை அது. அந்தக் கால அமெரிக்கப் பெண்கள் வெளியே கிளம்பும்போது அது இல்லாமல் கிளம்புவது அரிது. அதிலிருந்த ரப்பர் வேர்வையிலும் உடம்பு எண்ணெயிலும் கெட்டுப் பிசுபிசுத்து, பிறகு விறைத்து வெடித்துவிடும். வெயிற்காலத்தில் போட்டுக்கொண்டிருப்பது தண்டனை. பத்தாண்டுக்குப் பக்கமாக முயன்று, 1958-இல் ஷிவர்ஸுக்கு விடை கிடைத்தது. தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இழுத்தாலும் விட்டவுடன் பழைய அளவுக்கே திரும்பும் நூல். ரப்பரைவிட எடை குறைவு; வேர்வையால் கெடாது. ஆய்வகத்தில் அதற்குப் பெயர் ‘ஃபைபர் கே’. சந்தைக்கு வந்தபோது லைக்ரா. 1962-இல் பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது.

கர்டில் அதற்குப் பிறகு நீண்ட நாள் பிழைக்கவில்லை. அறுபதுகளின் கடைசியில் இளம்பெண்கள் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்கள். நூல் மட்டும் நீச்சலுடைக்கும் நடன உடைக்கும் சைக்கிள் வீரரின் ட்ரவுசருக்கும் போய், தொண்ணூறுகளுக்குள் பெண்களின் ஜீன்ஸுக்குள் நன்றாகக் குடியேறிவிட்டது.

அது துணிக்குள் எப்படி உட்காருகிறது என்பதை ஸ்பின்னிங் மில்லில் நின்று பார்த்தால்தான் புரியும். கோவை, திண்டுக்கல் பக்கத்து மில்காரர்களுக்கு இது ‘கோர் ஸ்பன்’. ரிங் ஃபிரேமில் மேலிருந்து லைக்ரா இழை மூன்று நான்கு மடங்கு இழுபட்ட நிலையில் இறங்கும். பக்கத்திலிருந்து பஞ்சுத் திரி வந்து அதைச் சுற்றி முறுக்கிக்கொள்ளும். வெளியே பார்த்தால் சாதாரண பருத்தி நூல். கையில் இழுத்தால் உள்ளே இருப்பது யார் என்று தெரியும். டெனிம் நெய்யும்போது நீலச் சாயம் ஏறிய பாவு நூல் வெறும் பருத்தி; குறுக்கே ஓடும் ஊடை மட்டும் இந்த கோர் ஸ்பன் நூல். அதனால்தான் ஜீன்ஸ் பக்கவாட்டில் இழுபடுகிறது, நெடுக்காக இழுபடுவதில்லை. நூறு பங்குத் துணியில் லைக்ரா இரண்டு பங்கு இருந்தால் போதும். 98 பங்கு பருத்திக்கு 2 பங்கு எலாஸ்டேன் என்று உள்பக்க லேபிளில் போட்டிருப்பது இதைத்தான்.

ஆண்களின் ஜீன்ஸுக்கு அந்த இரண்டு பங்கு அப்போது வரவில்லை. விறைத்த முரட்டு டெனிம்தான் ஆண்மை என்று கம்பெனிகளும் நம்பின, வாங்கியவர்களும் நம்பினார்கள். ஆனால் ஒட்டிப் பிடிக்கும் பேண்ட் மேல் பையன்களுக்கு ஆசை எப்போதும் இருந்தது. ஐம்பதுகளில் லண்டனின் ‘டெடி பாய்’ இளைஞர்கள் குழாய்போல் ஒடுங்கிய டிரெயின்பைப் பேண்ட் போட்டார்கள். 1976-இல் வந்த, ரமோன்ஸ் என்ற பங்க் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டின் அட்டையில் நான்கு பேர் முழங்கால் கிழிந்த குறுகல் ஜீன்ஸில் சுவரோரம் நிற்கிறார்கள். அந்தப் படம் எத்தனை பையன்களின் அறைச் சுவரில் ஒட்டப்பட்டதோ. பங்க் கூட்டத்தில் கடையில் வாங்கிய ஜீன்ஸின் உள் தையலைப் பிரித்துத் தாங்களே ஒடுக்கித் தைத்துக்கொண்டவர்கள் உண்டு. எண்பதுகளின் ஹெவி மெட்டல் பாடகர்கள் முழு லைக்ராவிலேயே மேடையேறினார்கள். அதை மேடையில்தான் போட முடிந்தது, கடைத்தெருவில் இல்லை.

இழுவை இல்லாத துணியை ஒடுக்குவதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை தொடையில் இல்லை, முழங்காலில் இல்லை, குதிகாலில் இருக்கிறது. குதிகாலின் முனையிலிருந்து புறங்காலின் மேட்டுக்கு மேலாக டேப்பைச் சுற்றிப் பாருங்கள். வளர்ந்த ஆணுக்கு 33, 34, 35 சென்டிமீட்டர் என்று வரும். பேண்ட்டின் வாய் அதைவிடக் குறுகினால் கால் உள்ளேயே போகாது. கணுக்காலோ அதைவிட மிகவும் மெலிந்தது. அந்த மெலிவைப் பிடிக்க வேண்டுமென்றால், குதிகால் நுழையும்போது விரிந்து, நுழைந்த பிறகு சுருங்கும் துணி வேண்டும். அது கடையில் இருந்தது. பெண்கள் பக்கம் இருந்தது.

வடஇந்தியாவின் சுடிதார் இந்தச் சிக்கலை லைக்ரா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தீர்த்துவைத்திருந்தது. துணியை நேராக வெட்டாமல் கோணலாக, மூலைவாட்டில் வெட்டினால் வெறும் பருத்தியும் கொஞ்சம் விரியும். அந்த வெட்டில்தான் சுடிதார் காலைப் பிடிக்கிறது. அப்படியும் குதிகால் மக்கர் பண்ணினால் பாதத்தில் பாலித்தீன் கவரை மாட்டி வழுக்கி நுழைக்கும் வித்தை நம் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் தெரியும். டெனிமை அப்படி மூலைவாட்டில் வெட்டினால் துணி ஏகத்துக்கு வீணாகும் என்பதால் ஜீன்ஸ் கம்பெனிகள் அந்த வழிக்குப் போகவில்லை.

தொண்ணூறுகளில் அமெரிக்க ஆண்கள் செக்‌ஷன் முழுக்கத் தொளதொள ராஜ்யம். ஹிப்ஹாப் கொண்டுவந்த பேகி, அதற்கு மேல் ஒரு கால் குழாயில் இரண்டு பேர் புகலாம் போன்ற ஸ்கேட்டர் பேண்ட். இதற்கு எதிராக நின்றது தெற்கு கலிஃபோர்னியாவில், சான் டியாகோவின் ஹார்ட்கோர் பங்க் கூட்டம். கறுப்பு முடியை நெற்றியில் படிய வாரி, குட்டை டி-ஷர்ட், வெள்ளை பெல்ட், ஒட்டிய பேண்ட். அந்த ஒட்டிய பேண்ட்டுக்கு ஆண்கள் கடையில் வழியில்லாததால் பெண்களுடையது வந்தது. அடுத்த பத்தாண்டில் இது எமோ இசைக் கூட்டத்துக்குப் பரவி, ஃபால் அவுட் பாய் குழுவின் பீட் வென்ட்ஸ் மாதிரி ஆட்கள் பெண்கள் ஜீன்ஸ் போடுவதை ஒளித்து மறைக்காத அளவுக்கு வந்துவிட்டது.

அந்தப் பையன்கள் கடையில் பட்ட பாட்டைச் சொன்னால் ஒரு தனிக் கதை. ஆண்கள் ஜீன்ஸில் 30, 32 என்று இடுப்பளவு அங்குலத்தில் இருக்கும். அடுத்த எண் கால் நீளம். பெண்கள் பக்கம் போனால் 5, 7, 9 என்று ஒற்றைப்படை எண்கள், அது ஜூனியர் ரகம்; 4, 6, 8 என்று இரட்டைப்படை, அது பெரியவர்கள் ரகம். எது எந்த அங்குலம் என்பது பிராண்டுக்கு பிராண்டு மாறும். டிரையல் ரூமுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்காமல் முடியாது. அங்கே போவதற்குத்தான் வெட்கம். தங்கைக்குப் பரிசு என்று பில் போடுகிறவரிடம் சொல்லி, வீட்டில் போட்டுப் பார்த்துத் திருப்பிக் கொண்டுவருவது ஒரு வழி. போட்டால் அடுத்த சிக்கல். அது லோ ஹிப் கொடிகட்டிப் பறந்த காலம். இடுப்பெலும்புக்குக் கீழே நிற்கும் பேண்ட், குனிந்தால் பின்னால் உள்ளாடை. முன்னால் ஜிப் இரண்டு மூன்று அங்குலம்தான். அந்த ஜிப்போடு அவசரத்துக்குக் கழிப்பறையில் நின்றவன் பாட்டைச் சொல்லி முடியாது. கால் நீளம் போதாது. பாக்கெட்டில் பர்ஸ் வைத்தால் பாதி வெளியே. இத்தனையையும் சகித்துக்கொண்டு போட்டார்கள் என்றால், அந்த வெட்டு அவர்களுக்கு அவ்வளவு வேண்டியிருந்தது.

இதை ஆண் பெண் பேதத்தை உடைத்த புரட்சி என்று இப்போது எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அப்படி இருந்திருக்கலாம். மற்றவர்களுக்கு இது காய்கறி வாங்குவது போன்ற காரியம்: தனக்கு வேண்டியது ஒரு கடையில் இல்லை, பக்கத்துக் கடையில் இருக்கிறது. அக்காவின் ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு போனவன் பெண்மாதிரித் தெரிய விரும்பவில்லை. ரமோன்ஸ் மாதிரித் தெரிய விரும்பினான்.

அதே நேரம் பாரிஸில் வேறொரு கதவு திறந்தது. டியோர் நிறுவனத்தின் ஆண்கள் பிரிவுக்கு வந்த ஹெடி ஸ்லிமான், 2001 ஜனவரியில் தன் முதல் தொகுப்பை மேடையேற்றினார். ஒல்லிப் பையன்கள், ஒடுங்கிய தோள், பென்சில் கால். அவருடைய ஜீன்ஸ்களை வாடிக்கையாளர்கள் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, பேண்ட் வாயின் அகலத்தைச் சொல்லிக் கேட்டார்கள்: ஒன்று 19 சென்டிமீட்டர், இன்னொன்று 17.5. தரையில் தட்டையாக விரித்து அளந்த கணக்கு அது. 17.5 என்றால் சுற்றளவு 35. மேலே சொன்ன குதிகால் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்; ஸ்லிமான் எல்லைக் கோட்டின் மேலேயே வெட்டியிருக்கிறார். இந்த உடைக்குள் நுழைவதற்காகவே ஃபேஷன் வடிவமைப்பாளர் கார்ல் லாகர்ஃபெல்ட் 13 மாதத்தில் 42 கிலோ எடை குறைத்தார், பிறகு அந்தப் பத்தியத்தைப் புத்தகமாகவும் போட்டார். ஃபேஷன் உலகம் அதன் பிறகு ஸ்கின்னி ஜீன்ஸ் என்றால் ஸ்லிமான் என்று எழுதிவைத்துவிட்டது. பணக்காரக் கடையில் அவர் தந்ததை, மால்களில் பையன்கள் காதலியின் அலமாரியிலிருந்து அதற்கு முன்பே எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதை அந்த வரலாறு சொல்வதில்லை. வரலாற்றில் இடம் பிடிக்க லேபிள் வேண்டும் போலிருக்கிறது.

பிறகு வேகமாக நடந்தது. 2004-இல் ஸ்டாக்ஹோமில் மண்டையோடு சின்னத்தோடு ‘சீப் மண்டே’ என்ற மலிவு விலை ஒட்டு ஜீன்ஸ் வந்தது. 2008-இல் ஹெச் அண்ட் எம் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கிவிட்டது. ஆண்கள் டெனிமுக்குள் இரண்டு பங்கு லைக்ரா சாதாரணமாகிவிட்டது. தொளதொள பேண்ட்டின் தாய்வீடான ஹிப்ஹாப்பே 2011-இல் தடம் மாறியது: ஏப்ரலில் கோச்செல்லா இசைவிழா மேடையில் கான்யே வெஸ்ட் செலின் நிறுவனத்தின் பெண்களுக்கான பட்டுச் சட்டையில் பாடினார், ஆகஸ்டில் எம்.டி.வி. விருது விழாவில் லில் வெய்ன் சிறுத்தைப் புள்ளி போட்ட பெண்கள் ஜெகிங்ஸில் கிடார் வாசித்தார். அந்த வருஷம்தான் பழைய காதலி ஜீன்ஸும் வந்தது. இரகசியமாக இருந்தவரை அதற்கு ஒரு துடிப்பு இருந்தது. கடையிலேயே மாட்டித் தொங்கவிட்டதும் அது வெறும் பேண்ட்.

தமிழ்நாட்டுக்கு அது வந்து சேரும்போது பெண்கள் செக்‌ஷன் வாசனையே இல்லாமல் வந்தது. இங்கே பையன்கள் நேராக ஆல்டரேஷன் கடைக்குப் போனார்கள். பெல்பாட்டத்தைப் பார்த்த, பேகியைப் பார்த்த அதே தையல்காரர் பென்சில் ஃபிட்டையும் பார்த்தார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் பேண்ட்டைக்கூட ஒடுக்கிக்கொண்டு வந்ததால் ஹெட்மாஸ்டர்கள் டைட் பேண்ட் கூடாது என்று எச்சரிக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஒட்டு ஜீன்ஸ் போட்டவனைப் பெண்பிள்ளை என்று கேலி செய்தார்கள். இங்கே அதே பேண்ட் போட்டவனைப் புள்ளிங்கோ என்றார்கள், பொறுக்கி என்றார்கள். பெண்மை என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒட்டு ஜீன்ஸின் மவுசு இப்போது போய்விட்டது. கல்லூரிப் பையன்கள் மறுபடி தொளதொளப்புக்குத் திரும்பிவிட்டார்கள். ‘சீப் மண்டே’யை மூடப்போவதாக 2018-லேயே அறிவித்துவிட்டார்கள். ஆனால் கர்டிலுக்காகப் பிறந்த நூல் ஆண்களை விட்டுப் போகவில்லை. ஐம்பது வயதுக்காரர் ஆபீஸுக்கு ஃபார்மல் பேண்ட் வாங்கப் போனாலும் சேல்ஸ்மேன் இடுப்புப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக் காட்டுகிறார்: “ஸ்ட்ரெட்ச் இருக்கு சார், உட்கார்ந்து எழுந்தா பிடிக்காது.” தொப்பை உள்ள யாருக்கும் இதைவிட இனிக்கும் வார்த்தை கிடையாது. வாங்கி வந்தபின் கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் அழுத்தித் தேய்த்தால் இழை செத்துப்போய், முழங்கால் பை மாதிரி தொங்கும் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

பண்டமாற்று என்று பார்த்தால், லைக்ரா விஷயத்தில் இந்த வியாபாரம் ஒருவழிப் பாதை. ஆண்களிடம் பெண்கள் கேட்டது பாக்கெட். ‘தி புட்டிங்’ என்ற அமெரிக்க இணைய இதழ் 20 பிராண்டுகளின் 80 ஜீன்ஸ்களை எடுத்து அளந்து பார்த்தது. பெண்கள் ஜீன்ஸின் முன்பக்கப் பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, 6.5 சதவீதம் அகலம் குறைவு. அளந்தது 2018-இல், ஆண்கள் தங்கள் பங்கு லைக்ராவைக் கைக்கொண்டு பல வருஷம் ஆன பிறகு.